தீவுக்குக் குடி போன கதை

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம்னு ஒரு பொய் சொல்லலாம். ஆனா ஆணி எப்பவும் அதிகம்தான், அது ஒரு காரணமே இல்லை. "அந்தமான்ல குடும்பத்தோட இருக்கீங்களாமே, குடுத்து வச்ச ஆளுய்யா நீர், அதப் பத்தி ஒரு பதிவு போடும்"னு நாலஞ்சு பேர் தனிமடல்ல கேட்டாச்சு. ரெண்டு தடவை எழுத ஆரம்பிச்சேன். ரெண்டு தடவையும் சுற்றுலாத் துறை விளம்பரம் மாதிரியே வந்துச்சு. நீலக் கடல், வெள்ளை மணல், சாஞ்ச தென்னை மரம். அதெல்லாம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா அது நாலு நாள் லீவுல வர்றவங்களோட தீவு. குடியிருக்கற தீவு வேற. இது அந்த ரெண்டாவது தீவைப் பத்தின பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல ஒரு கொசுவத்திச் சுருள்.

2020 பிப்ரவரி. கல்யாணமாகி பத்து நாள். தேனிலவுக்கு ஹேவ்லாக் வந்தோம். (2018 டிசம்பர்ல சுவராஜ் தீவுன்னு பேர் மாத்திட்டாங்க. டிக்கெட்டுல அப்படித்தான் இருக்கும். இங்க இருக்கறவங்க வாயில இன்னும் ஹேவ்லாக்தான். அதே மாதிரி போர்ட் பிளேர் 2024 செப்டம்பர்லேர்ந்து ஸ்ரீ விஜய புரம். நான் பழைய பேரையே சொல்லிட்டுப் போறேன், கோச்சுக்காதீங்க.) நாலு நாள்ல ஒரு போட்டோ கூட யாருக்கும் அனுப்ப முடியல. அப்ப மொத்த அந்தமானுக்கும் இன்டர்நெட்டுன்னா சேட்டிலைட் வழியாத்தான். "அப்பாடா, உங்க மேனேஜர் தொல்லை இல்லை"ன்னு தங்கமணிக்கு ஒரே சந்தோஷம். என் மண்டைக்குள்ள மட்டும் ஒரு வண்டு புகுந்துடுச்சு. இங்க நல்ல நெட் மட்டும் இருந்தா?

அதே வருஷம் ஆகஸ்ட் 10ஆம் தேதி, சென்னையிலேர்ந்து அந்தமானுக்குக் கடலுக்கு அடியில போட்ட ஃபைபர் கேபிளைத் திறந்து வச்சாங்க. ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். போர்ட் பிளேரோட நிக்காம இன்னும் ஏழு இடத்துக்குக் கிளை. அந்த ஏழுல ஹேவ்லாக்கும் ஒண்ணு. அந்தச் செய்தியை நான் எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு தங்கமணியைக் கேளுங்க.

2022ல எங்க கம்பெனி, உங்க டீம் எங்கேர்ந்து வேணா பொட்டி தட்டிக்கலாம்னு சொல்லிடுச்சு. வண்டு இப்ப குடைய ஆரம்பிச்சுது. இஞ்சினியர் இல்லையா, ஒரு எக்செல் ஷீட் போட்டேன். பள்ளிக்கரணை ஒரு பக்கம், ஹேவ்லாக் ஒரு பக்கம். வாடகை, காத்து, தண்ணி, நெட், மீன் விலை (ஆமாங்க, அதுக்கும் ஒரு வரி), பாப்பாவோட பள்ளிக்கூடம், மருத்துவம். நல்லதுன்னா பச்சை, சுமார்னா மஞ்சள், மோசம்னா சிவப்பு. மருத்துவத்துக்கு நேரா, "தீவுலயே அரசு ஆஸ்பத்திரி. பெருசா ஏதாவதுன்னா போர்ட் பிளேர், படகுல 2 மணி நேரம்"னு எழுதினேன். பள்ளிக்கரணையிலேர்ந்து சாயந்திரம் ஆறு மணிக்குக் கிளம்பினா எக்மோர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு ஆகுமேன்னு நானே எனக்கு வாதாடி, அந்தக் கட்டத்துக்குப் பச்சை அடிச்சேன். அந்தப் பச்சைக்குப் பின்னாடி வருவோம்.

ஊர்ல, ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு"ன்னு சொன்னேன். சேர்ந்துன்னா, நான் எடுத்தேன், அவ வேண்டாம்னு சொல்லல. அவளும் பொட்டி தட்டறவதான், டெஸ்டிங். அவ கம்பெனி ஆபீசுக்கு வந்தே ஆகணும்னு கூப்பிட ஆரம்பிச்சிருந்துது. எழுதிக் குடுத்துட்டு வந்துட்டா. கடைசி நாள் அன்னிக்கு ஆபீஸ்ல குடுத்த மணி பிளான்ட் தொட்டியை மடியில வச்சுக்கிட்டு, ஆட்டோவில "ஒரு வருஷம்தானேங்க?"ன்னா. "ஆமா ஆமா"ன்னேன்.

2023 ஜனவரியில வந்து இறங்கினோம். பாப்பாவுக்கு ரெண்டு வயசு ஆக இன்னும் ஒரு மாசம். கிருஷ்ணா நகர்ங்கற கிராமத்துல வீடு. இங்க ஊர் பேர் எல்லாமே அப்படித்தான்: கோவிந்த நகர், விஜய நகர், ஷியாம் நகர், கிருஷ்ணா நகர், ராதா நகர். சுற்றுலாக்காரங்களுக்கு 3ஆம் நம்பர் பீச், 5ஆம் நம்பர், 7ஆம் நம்பர். முன்பக்கம் சிமெண்டு, பின்பக்கம் மரம், மேல தகரம். சுத்தி பாக்குத் தோப்பு. கடல் வீட்டிலேர்ந்து தெரியாது. "தீவுல வீடுன்னீங்க, கடலைக் காணோம்"னு எங்க அம்மா போன்ல கேட்டாங்க. அவங்க கோவில்பட்டி. கடல்னா திருச்செந்தூர்ல பார்த்தது.

முதல் மூணு மாசத்துல கத்துக்கிட்டதைச் சுருக்கமா சொல்லிடறேன். கடிகாரம் சென்னை நேரம், சூரியன் பர்மா நேரம். ஜூன்ல காலையில 5 மணிக்கே பளிச்சுன்னு விடிஞ்சிடும், நவம்பர்ல சாயந்திரம் 5 மணிக்கெல்லாம் டார்ச் வேணும். என் மீட்டிங் எல்லாமே ராத்திரி மீட்டிங் மாதிரிதான் இருக்கும். கரண்டு டீசல் ஜெனரேட்டர்லேர்ந்து வருது, வராமலும் இருக்கும். மழை பெய்யும்போது தகரக் கூரைக்கு அடியில உக்காந்து பேசினா, "நீ எதாவது ஃபேக்டரியில இருக்கியா?"ன்னு அமெரிக்காக்காரன் கேப்பான். வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் கப்பல்ல வரணும், கப்பல் லேட்டானா பூசணிக்காயும் வாழைக்காயும்தான். மீன் மட்டும் சூரை, சீலா, பாறைன்னு கொட்டிக் கிடக்கும். செருப்பைப் போடறதுக்கு முன்னாடி கண்டிப்பா தட்டிப் பாக்கணும், இங்க பூரான் ஒவ்வொண்ணும் முழங்கை நீளம்.

அப்புறம் தண்ணி. வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர் கிட்ட மழை பெய்யற ஊர். எங்க கோவில்பட்டி கரிசல் காட்டுக்காரன் கேட்டா பொறாமையில செத்துப் போவான். ஆனா பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்ல கிணறு அடியில போய்டும். அம்மா அந்த சமயத்துல போன்ல சிரிச்ச சிரிப்பு இருக்கே. "ஏல, சுத்தி தண்ணி, குடிக்கத் தண்ணியில்லையா? இதுக்கு நம்ம ஊர்லயே இருந்திருக்கலாம்லல!"

அம்மா செப்டம்பர்ல எங்களோட இருக்க வந்தாங்க. வந்த ரெண்டாவது நாளே பக்கத்து வீட்டு திதாவோட சிநேகமாயிட்டாங்க. திதான்னா வங்காளத்துல பாட்டி. பாப்பா அப்படித்தான் கூப்பிடும், நாங்களும் அதையே பிடிச்சுக்கிட்டோம். அம்மாவுக்குத் தமிழ் தவிர ஒரு வார்த்தை தெரியாது. திதாவுக்கு வங்காளமும் அந்தமான் ஹிந்தியும். ஆனா ரெண்டு பேருக்கும் வெத்தலை தெரியும். திதா தோப்புப் பாக்கு, அம்மா கோவில்பட்டியிலேர்ந்து கொண்டு வந்த புகையிலை. மத்தியானம் ரெண்டு மணிக்குத் திண்ணையில உக்காந்தா அவங்க தமிழ்ல சொல்லுவாங்க, இவங்க வங்காளத்துல சொல்லுவாங்க, சரியான இடத்துல ரெண்டு பேரும் "ச்சொ ச்சொ"ன்னு வருத்தப்படுவாங்க. எப்படிய்யா புரியுதுன்னு நானும் மண்டையை உடைச்சுக்கிட்டதுதான் மிச்சம்.

திதாவோட மாமனார் குடும்பம் பிரிவினைக்கு அப்புறம் கிழக்குப் பாகிஸ்தான்லேர்ந்து அகதியா வந்தவங்க. 1950கள்ல அப்படி வந்த வங்காளக் குடும்பங்களைத்தான் அரசாங்கம் நிலம் குடுத்து இந்தத் தீவுல குடியேத்துச்சு. 2011 கணக்குப்படி தீவோட ஜனத்தொகை ஆறாயிரத்துச் சொச்சம். அதுல பெரும்பாலானவங்க அவங்க வாரிசுங்கதான். திதா இங்க கல்யாணமாகி வந்தப்ப சுத்தி காடாம். தங்கமணிக்கு ஹிந்தி தெரியுங்கறதால அவதான் இதெல்லாம் கேட்டு எனக்குச் சொல்லுவா.

சரி, பச்சைக் கட்டத்துக்கு வர்றேன்.

2023 நவம்பர் கடைசி வாரம். அந்தமான் கடல்ல காற்றழுத்தத் தாழ்வுன்னு ரேடியோவில சொன்னான். மழைன்னா சாதா மழை இல்லை, தோப்புக்குள்ள யாரோ லாரியிலேர்ந்து ஜல்லி கொட்டற மாதிரி. படகு எல்லாம் நிறுத்திட்டாங்க. எனக்கு அது பெரிய விஷயமாவே படல. நமக்கு எங்க போகணும்? நெட் இருக்கு, மீன் குழம்பு இருக்கு. "இதான்டா வாழ்க்கை"ன்னு கீச்சு வேற போட்டேன்.

அன்னிக்கு ராத்திரி பாப்பாவுக்கு உடம்பு சுட்டுது. மருந்து குடுத்துப் படுக்க வச்சோம். ரெண்டு மணி இருக்கும், தங்கமணி என் பேரைச் சொல்லிக் கத்தினா. அவ என் பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பாப்பா கண்ணு மேல சொருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. வாயோரம் நுரை. அம்மா ஓடி வந்து சாவிக்கொத்தைக் குழந்தை கையில திணிச்சாங்க. நான் பல்லு கிட்டிக்கக் கூடாதேன்னு ஸ்பூனைத் தேடி அடுப்படிக்கு ஓடினேன். இருட்டுல ஸ்பூன் கிடைக்கல. கிடைக்காததே நல்லதுன்னு டாக்டர் அப்புறம் சொன்னார். எவ்வளவு நேரம் இழுத்துச்சுன்னு கேட்டார். மூணு பேர் இருந்தோம், ஒருத்தரும் கடிகாரத்தைப் பாக்கல. எனக்கு அரை மணி நேரம் மாதிரி இருந்துச்சு. ரெண்டு நிமிஷம் இருந்திருக்கலாம்.

கத்தல் கேட்டு திதா வீட்டுல விளக்கு எரிஞ்சுது. அவங்க பையன் கேள்வியே கேக்காம வண்டியை எடுத்தார். ரோட்டுல பாக்கு மரம் ஒண்ணு விழுந்து கிடந்துச்சு. அவரும் நானும் இறங்கி இழுத்துப் போட்டோம். நாங்க போய்ச் சேரறப்ப பாப்பா மயங்கித் தூங்கிட்டிருந்தா. காய்ச்சல் வேகத்துல வர்ற வலிப்பு, ஆறு மாசத்துலேர்ந்து அஞ்சு வயசு வரைக்கும் சில குழந்தைங்களுக்கு வரும், பெரும்பாலும் ஆபத்தில்லைன்னு டாக்டர் நிதானமா சொன்னார். மறுபடி வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் வைக்காதீங்க, மணியைப் பாருங்க, அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்கக் கூடாது. அப்புறம் கொஞ்சம் நிறுத்திட்டு, "திரும்பத் திரும்ப வந்துச்சுன்னா போர்ட் பிளேர் கொண்டு போகணும். இந்தக் காத்துல படகும் கிடையாது, ஹெலிகாப்டரும் வராது. அதனால இங்கயே வச்சுப் பாப்போம்"னார்.

வராந்தாவுல பெஞ்சு. தங்கமணி ஈரப் புடவையோட உக்காந்திருந்தா. நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். "இப்ப என்ன பண்றதுன்னு சொல்லுங்க. பிளான் போடறது உங்க வேலைதானே?"ன்னா. கத்தல, அழல. சாதாரணமா கேட்டா. எனக்கு அந்த எக்செல் ஷீட் அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு. 2 மணி நேரம்னு எழுதி வச்சிருக்கேனே, படகு ஓடலைன்னா எவ்வளவு நேரம்னு ஒரு கட்டம் போட எனக்கு ஏன் தோணல? பொட்டி தட்டறதுல எட்டு மணி நேரமும் இதே வேலைதானே, சர்வர் படுத்துட்டா என்ன, லைன் போச்சுன்னா என்னன்னு? இத்தனைக்கும் 2016 டிசம்பர்ல புயல் மழையில ஹேவ்லாக்லயும் நீல் தீவுலயும் ஆயிரத்துக்கும் மேல சுற்றுலாக்காரங்க மாட்டி, கடற்படைக் கப்பல் வந்து கூட்டிட்டுப் போனது நான் படிச்ச செய்திதான். படிச்சப்ப "சூப்பர் அட்வென்ச்சர்"னு நினைச்சேன்.

மூணு நாள். காய்ச்சல் ஏறும், இறங்கும். ஏறும்போதெல்லாம் ஈரத்துணியால துடைச்சுக்கிட்டு மூணு பேரும் அதோட விரல் நுனியையே பாத்துக்கிட்டிருப்போம். நான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வானிலைப் படத்தைப் பாப்பேன். 2,300 கிலோமீட்டர் கேபிள் வழியா அந்தப் படம் டக்குன்னு வரும். சும்மா சொல்லக் கூடாது, நெட் பிரமாதம். திதா ரெண்டு ராத்திரியும் வீட்டுக்குப் போகல. தலைமாட்டுல உக்காந்து வெத்தலை கூடப் போடாம முழிச்சிருந்தாங்க. அம்மா "நீங்க போய்ப் படுங்கக்கா"ன்னு தமிழ்ல எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தாங்க. அந்த ஒண்ணு மட்டும் திதாவுக்குப் புரியல.

நாலாம் நாள் கடல் இறங்கிச்சு. முதல் படகுல போர்ட் பிளேர் போனோம். குழந்தை டாக்டர் பாத்துட்டு, ஒண்ணும் இல்லை, வளர வளர சரியாயிடும்னார். ஆச்சு, அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவை கூட வரல.

போர்ட் பிளேர் லாட்ஜுல உக்காந்து நான் முடிவெடுத்துட்டேன். அடுத்த வாரம் சென்னை. பள்ளிக்கரணை பழைய வீட்டு ஓனருக்கு போன் போட்டேன், கீழ் வீடு காலியா இருக்கான்னு கேக்க. போன் எடுக்கல. மறுநாளும் எடுக்கல. எங்களை மூணு நாள் பூட்டி வச்ச அதே தாழ்வுதான் நகர்ந்து போய் மிக்ஜாம் புயலாகி, டிசம்பர் 4ஆம் தேதி சென்னையை முக்கி எடுத்துச்சுன்னு அப்புறம்தான் உறைச்சுது. அஞ்சாறு நாள் கழிச்சு ஓனர் பேசினார். நாங்க இருந்த கீழ் வீட்டுல இடுப்பளவு தண்ணியாம். கரண்டு இல்லாம, பால் இல்லாம மொட்டை மாடியில இருந்தாங்களாம். எக்செல்ல பள்ளிக்கரணைக்கும் மருத்துவத்துல பச்சைதான் அடிச்சிருந்தேன்.

அதனால தீவே மேல்னு சொல்ல வரல. எங்க போறதுன்னு தெரியாம திரும்ப கிருஷ்ணா நகருக்கே வந்தோம், அவ்வளவுதான். அம்மா ஜனவரியில ஊருக்குப் போனாங்க. போறப்ப திதா ஒரு சாக்கு நிறைய பாக்கு குடுத்தாங்க. ஏர்போர்ட்ல அதை எடை போட்டவன் முகத்தைப் பாக்கணுமே!

ஒரு வருஷம்னு சொன்னது மூணாவது வருஷம் முடியப் போகுது. இப்ப விஷயம் என்னன்னா, போகலாம்னு சொல்றது நான். ரங்கமணி ஆசைப்பட்டு இழுத்துட்டு வந்தான், தங்கமணி தவிக்கறான்னு கதை போகும்னுதானே நினைச்சீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். அந்த மூணு நாளுக்கப்புறம் எனக்கு மேகத்தைப் பாத்தா வயிறு கலங்குது. படகு அட்டவணை மனப்பாடம். வீட்டுல ஒரு சின்ன மருந்துக் கடையே வச்சிருக்கேன். அவளோ சாயந்திரத்துல தெருப் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சா. மூணு பேரா வந்தது பதினொண்ணு ஆச்சு. பகல்ல பழைய சிநேகிதி மூலமா துண்டு துண்டா டெஸ்டிங் வேலை. சம்பளம் முன்ன வாங்கினதுல பாதி கூட இல்லை. சந்தைக்குப் போனா மீன்காரர்லேர்ந்து எல்லாரும் அவளை "மிஸ்"ஸுங்கறாங்க. நான் "மிஸ் வீட்டுக்காரர்".

போன மாசம் பேச்சை எடுத்தேன். பாப்பாவுக்கு நாலரை வயசாச்சு, பள்ளிக்கூடம், டாக்டர், அது இதுன்னு. பாத்திரம் கழுவிட்டே கேட்டா. அப்புறம், "அங்க என் வேலையை விட்டுட்டு வந்தேன். இப்ப இதையும் விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"ன்னா. எனக்குப் பதில் வரல. இன்னி வரைக்கும் வரல. அன்னிக்குத்தான் இன்னொண்ணும் சொன்னா. திதாவோட ரெண்டாவது குழந்தை ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு மழையில, காய்ச்சல்ல, படகுக்குக் காத்திருந்து போயிடுச்சாம். அந்த ஆஸ்பத்திரி ராத்திரியே திதா அவகிட்ட சொல்லியிருக்காங்க. "உங்ககிட்ட சொன்னா அப்பவே மூட்டை கட்டியிருப்பீங்க"ன்னா.

கட்டியிருப்பேன்தான். அதைத் தெரிஞ்சுக்கிட்டு இவ எப்படி இங்க நிம்மதியா தூங்கறான்னு எனக்குப் புரியல. அந்தத் திதா எப்படி இங்கயே இருந்தாங்கன்னும் புரியல. கேக்க எனக்கு ஹிந்தியும் வராது.

நேத்து காலையில வீட்டுக்காரர் வந்தார். பதினொரு மாச அக்ரிமெண்ட் முடியப் போகுது, என்ன பண்றீங்கன்னு கேட்டார். நான் தொண்டையைச் செருமறதுக்குள்ள அவ வங்காளத்துலயே பதில் சொல்லிட்டா. எனக்குப் புரிஞ்சது "ஏக் பச்சர்" மட்டும்தான். ஒரு வருஷம். அவர் தலையாட்டிட்டு, பின்பக்கத் தகரத்தை மழைக்கு முன்னாடி மாத்தித் தர்றேன்னார்.

பாப்பா "பாபா, ஜோல்"னு கையை நீட்டிட்டு நின்னா. தண்ணியாம். எடுத்துக் குடுத்துட்டு, நான் போய் வானிலைப் படத்தைத் திறந்தேன்.